வேலிக்குள் ஒரு மூன்று மைல்

திருகோணமலையிலிருந்து வடக்கு நோக்கி, நிலாவெளி, குச்சவெளி ஆகிய ஊர்களைத் தாண்டிக் கடலோர வீதியிலே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல் சென்றால் புல்மோட்டை வந்து சேரும். வடக்கே கொக்கிளாய்க் கடனீரேரி. கிழக்கே வங்கக் கடல். மீன்பிடியும் வேளாண்மையும் ஊராரின் தொழில்கள். ஆயினும் வெளியுலகம் இவ்வூரை அறிந்திருப்பது இதன் மணலாலேதான். இல்மனைற், ரூட்டைல், சிர்க்கோன் முதலிய கனியங்கள் கலந்த கறுத்த மணல் இங்கே கரை நெடுகப் படிந்திருக்கிறது. அதனை அள்ளிப் பிரித்து விற்பதற்கென 1957ஆம் ஆண்டிலேயே அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று அமைக்கப்பட்டது. வீட்டுச் சுவர்களுக்குப் பூசும் வெள்ளை வர்ணத்துக்கு வேண்டிய பொருள் இந்தக் கறுப்பு மணலிலிருந்து கிடைக்கிறது என்று வகுப்பிலே சொன்னால் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள்.

ஓடுகிறவனுக்கு இம்மணல் வேறொரு வகையில் முக்கியமானது. கெட்டித் தரையில் ஓடுவதற்குச் செலவாகும் சக்தியைப் போல் 1.6 மடங்கு சக்தி மணலில் ஓடுவதற்கு வேண்டும் என்று பெல்ஜிய நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1998ஆம் ஆண்டில் அளந்து சொன்னார்கள். அவர்கள் அளந்ததை நமது கெண்டைக்கால் தானாகவே கண்டுகொண்டிருந்தது. நீரிழிவு என்று வைத்தியர் 2017ஆம் ஆண்டில் நம்மிடம் கூறி, மருந்தை மட்டும் நம்பியிராமல் உடலையும் அசைக்கும்படி பணித்த நாள் முதல், விடியற்காலையில் கடற்கரைக்குப் போய்வர மூன்று மைல் ஓடுவது நமக்கு வழக்கமாயிற்று. முதலில் அது மருந்தாக இருந்தது. பிறகு பல் துலக்குவது போல ஒரு பழக்கமாயிற்று. பழக்கமான பின்னரே அதன் இன்பம் தெரிந்தது. ஈரமணல் காலடியில் இறுகிக் கிடக்க, வள்ளங்கள் கரைக்குத் திரும்பும் அந்த வேளையை வேறு எதற்கும் நாம் விட்டுக்கொடுத்திருக்க மாட்டோம்.

விட்டுக்கொடுக்க நேர்ந்தது 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில். கொரோனாத் தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் முதலில் மூடப்பட்டன. அடுத்த வாரம், மார்ச் 20ஆந் திகதி மாலை, நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கொழும்பு, கம்பஹா முதலிய மாவட்டங்களில் அது இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. ஏனைய இடங்களில் இடையிடையே சில மணி நேரம் தளர்த்துவார்கள். அந்நேரத்தில் அரிசி, மா, மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். சட்டத்தை மீறி வெளியே திரிந்தோர் பல்லாயிரக் கணக்கிற் கைதாயினர்.

புல்மோட்டைக்கு ஊரடங்கு புதிய விருந்தாளியன்று. போர்க்காலத்துச் சோதனைச் சாவடிகளையும் இரவுக் கட்டுப்பாடுகளையும் இவ்வூர் முதியவர்கள் நன்கறிவர். 2009ஆம் ஆண்டின் முற்பகுதியிலே புதுமாத்தளனிலிருந்து காயமுற்றவர்கள் கடல் வழியாக இங்கே கொண்டுவரப்பட்டதையும், அவர்களுக்கென இந்திய மருத்துவக் குழுவொன்று இவ்வூரில் மருத்துவமனை நடத்தியதையும் கண்ணாற் கண்டவர்கள் பலர் இருக்கின்றனர். "அந்தக் காலத்து ஊரடங்கிலே பக்கத்து வீட்டுக்குப் போய் இருந்து கதைப்போம்; இந்த ஊரடங்கிலே பக்கத்து வீட்டுக்குத்தான் பயம்" என்று ஒரு பெரியவர் வேலிக்கு மேலாற் கூறியது நமக்கு இன்னும் மறக்கவில்லை.

முதல் ஒன்பது நாளும் நாம் ஓடவில்லை. இரண்டொரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றிருந்தோம். பத்திரிகையை விளம்பரம் ஈறாக வாசித்தோம், பகலிலே தூங்கினோம், இரவிலே தூக்கம் வரவில்லை. வீட்டிலிருந்த சிறு கருவியில் இரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரையின் அளவு ஏறத் தொடங்கியிருந்தது. அதனைக் காட்டிலும் வீட்டாருக்குத் தொல்லையாக இருந்தது நமது முகத்தின் கடுகடுப்பு. "கடற்கரைக்குப் போக முடியாவிட்டால் கிணற்றடியையாவது சுற்றி வாருங்கள், உங்களைப் பார்க்கச் சகிக்கவில்லை" என்று இல்லாள் கூறியதை அன்று நாம் கேலியாகவே எடுத்துக்கொண்டோம்.

அந்நாட்களில் நம்மிலும் பார்க்கப் பெரிய துன்பம் அடுத்த வளவில் இருந்தது. அங்கே ஒரு பையன். நமது மாணவன், பதினேழு வயது, 1,500 மீற்றர் ஓட்டத்தில் நம்பிக்கைக்குரியவன். தனது வயதுப் பிரிவிலே கலந்துகொள்ள அவனுக்கு அது கடைசி ஆண்டு. வாப்பா மீன்பிடிக்கப் போகிறவர். வீட்டிலே வேறு வசதி எதுவுமில்லை. ஓட்டத்தால் ஒரு வழி திறக்கும் என்று அந்தக் குடும்பம் நம்பியிருந்தது. பத்தாம் நாள் மாலை அவன் வேலியருகே வந்து நின்று, "சேர், சுபஹுக்கு முந்தி ஓடிட்டு வந்தா யாருக்குத் தெரியும்?" என்று மெல்லக் கேட்டான்.

உண்மையைச் சொன்னால் வாசகர்கள் நம்மை மன்னிக்க வேண்டும். ஆசிரியராகிய நாம் அவனை உடனே கண்டித்தோமா? இல்லை. "பார்ப்போம்" என்றோம். அன்றிரவு முழுவதும் அந்த எண்ணமே. வெறிச்சோடிய வீதி, ஓடுகிறவனுக்கோ தனி ஓட்டம், ஒருவரையும் தொடப்போவதில்லை, இதனால் யாருக்கு என்ன கேடு? விடியற்காலை நாலரை மணிக்குச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு படலையடிக்கும் போய்விட்டோம். அந்நேரம் வீதியிலே ஒரு சிறு வெளிச்சம் வந்தது. ஊரின் மருத்துவ மாது, முகக் கவசத்துடன், மோட்டார் சைக்கிளின் பின்னாலே யாரோ ஏற்றிச் செல்ல, அனுமதிப் பத்திரத்தைக் கையிற் பிடித்தபடி போய்க்கொண்டிருந்தார். எங்கோ ஒரு பிரசவம். அவர் நம்மைக் காணவில்லை. நாமோ படலையைத் திறவாமலே திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றினோம்.

விடிந்ததும் தச்சன் அளக்கும் நாடாவை எடுத்து வளவை அளந்தோம். வீட்டின் பின்புறம், கிணற்றடி, மாமரம், முன்முற்றம் என்று சுற்றி வந்தால் 48 மீற்றர். நாடாவை வேலிக்கு மேலாக எறிந்தோம். அவன் வளவு சிறியது, 36 மீற்றர்தான். கணக்குப் பாடத்தில் அத்துணை அக்கறை காட்டாத பையன் அன்றைக்கு மணலிலே விரலால் வகுத்து, 1,500 மீற்றருக்கு நாற்பத்தொரு சுற்றும் முக்காலுக்குச் சற்றுக் குறைவும் என்று ஒரு நிமிடத்தில் விடை கூறினான். நமக்கு நூறு சுற்று. அது மூன்று மைலுக்கு அரைச் சுற்றளவே குறையும். அந்தக் குறையைப் பொருட்படுத்துவதில்லை என்று நமக்கு நாமே சலுகை கொடுத்துக்கொண்டோம்.

நூறு சுற்று ஓடுவது எளிது. நூறு வரை எண்ணுவதுதான் கடினம். முப்பத்தேழா, நாற்பத்தேழா என்று சந்தேகம் வந்துவிட்டால் மனம் எப்போதும் பெரிய எண்ணையே ஆதரிக்கும். ஆகவே இரண்டு சிரட்டைகளைக் கிணற்றுக் கட்டில் வைத்து, ஒன்றில் இருபது புளியங்கொட்டைகளை இட்டோம். ஐந்து சுற்றுக்கு ஒரு கொட்டை மற்றச் சிரட்டைக்கு மாறும். ஐந்து வரை எண்ண எந்த ஆசிரியராலும் முடியும். வேலிக்கு அப்பால் அவன், இப்பால் நாம். காலடிச் சத்தம் ஒன்றையொன்று துரத்தும். கோழிகள் மட்டும் முதல் மூன்று நாளும் எதிர்ப்புத் தெரிவித்தன.

இவ்வாறு ஓடியவர்கள் உலகத்தில் நாம் மட்டும் அல்லேம். அதே மார்ச் மாதத்திலே பிரான்சு நாட்டின் துலூசு நகரையடுத்த பல்மா என்னுமிடத்தில் ஒருவர், ஏழு மீற்றர் நீளமான தமது மாடி முகப்பிலேயே ஒரு முழு மரதன் தூரத்தை ஓடி முடித்தார். 42.195 கிலோமீற்றர் என்றால் அந்த முகப்பிலே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஆறாயிரம் தடவைக்கு மேல் ஓட வேண்டும். ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்ததாம். பிரான்சிலாவது வீட்டிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் ஒரு மணி நேரம் வெளியே ஓட இடமிருந்தது. ஸ்பெயினிலும் தென்னாபிரிக்காவிலும் மே மாதம் பிறக்கும் வரை வீதியில் ஓட்டமே கூடாது என்றிருந்தது. ஒலிம்பிக் போட்டியே ஓராண்டு தள்ளிப் போய்விட்டது. அச்செய்தியைப் பையனிடம் சொன்னபோது, "அப்ப உலகம் முழுக்க வேலிக்குள்ளதான் சேர்" என்றான். அவன் முகத்தில் அன்றுதான் சற்றே ஆறுதலைக் கண்டோம்.

அவனுக்கு நாம் விரிவாகச் சொன்ன கதை மற்றொன்று. நெல்சன் மண்டேலா றொபன் தீவுச் சிறையில் இருந்த ஆண்டுகளில், மூன்று எட்டில் முடிந்துவிடும் தமது அறைக்குள்ளே, திங்கள் முதல் வியாழன் வரை காலையில் நின்ற இடத்திலேயே ஓடுவாராம். முக்கால் மணி நேரம் வரையும் ஓடியதுண்டு என்று தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இளமையிலே குத்துச்சண்டைக்காகப் பழகிய ஓட்டம் அது. 1982ஆம் ஆண்டில் பொல்ஸ்மூர் சிறைக்கு மாற்றப்பட்டு, தோழர்களுடன் ஒரே அறையில் வைக்கப்பட்ட பின்னரும் ஐந்து மணிக்கு எழுந்து ஓடவும் கயிறு தாண்டவும் தொடங்கிவிடுவார். நாட்டு விடுதலைக்காக எல்லாத் துன்பங்களையும் பொறுத்த அந்தத் தோழர்களுக்கு இந்த விடியற்காலைத் துன்பத்தை மட்டும் பொறுக்க முடியவில்லை. அறையிலே தாம் பெரும் வெறுப்புக்கு ஆளானதாக மண்டேலாவே எழுதுகிறார். நமது வீட்டாரும் அதனை வாசித்து அத்தோழர்களின் பக்கமே சாய்ந்தனர்.

எனினும் பையனின் மனத்தில் ஓர் ஐயம் இருந்தது, அது நியாயமானதுந்தான். இந்தச் சின்ன முற்றத்தில் ஓடுவதால் உடல் பழைய நிலையில் நிற்குமா, அல்லது இது மனத்தை ஏமாற்றும் விளையாட்டா? இங்கே அமெரிக்காவில் நடந்த இரண்டு பழைய ஆராய்ச்சிகள் நமக்குக் கைகொடுத்தன. நன்றாகப் பயின்ற ஓட்டக்காரர்களும் சைக்கிள் வீரர்களும் பயிற்சியை முற்றாக நிறுத்தினால் யாது நிகழும் என்று 1984ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று பார்த்தது. உடம்பு பிராணவாயுவை ஏற்றுப் பயன்படுத்தும் உச்ச ஆற்றல் முதல் மூன்று வாரத்திலேயே நூற்றுக்கு 7 வீதம் குறைந்தது. எட்டு வாரத்தில் குறைவு 16 வீதமாகி, அதன்மேல் அந்த மட்டத்திலேயே நின்றது.

மற்றையது ஹிக்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் 1980களின் முற்பகுதியில் செய்தது. நாளொன்றுக்கு 40 நிமிடமாக, வாரத்துக்கு ஆறு நாள், பத்து வாரம் சிலரைக் கடுமையாகப் பழக்கினர். பின்னர் நேரத்தை மட்டும் வெட்டினர்: ஒரு பகுதியினருக்கு 26 நிமிடம், மறு பகுதியினருக்கு வெறும் 13 நிமிடம். வேகமும் கடுமையும் முன்போலவே. பதினைந்து வாரம் கழித்துப் பார்த்தால் இரு பகுதியினரிடத்தும் அந்த உச்ச ஆற்றல் குறையவேயில்லை. நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் வலிமை மட்டும் 13 நிமிடக்காரரிடத்துச் சிறிது தளர்ந்தது. இதற்கு மாறாக, நேரத்தை வெட்டாமல் கடுமையைக் குறைத்தவர்களோ பெற்றதை இழந்தனர். சுருங்கச் சொன்னால், தூரத்தைக் குறைக்கலாம், நேரத்தையும் குறைக்கலாம். மூச்சு வாங்குவதைக் குறைக்கக் கூடாது.

இதனைக் கேட்டபின் பையனின் திட்டம் மாறியது. 36 மீற்றர் வளவில் மூலைக்கு மூலை திரும்புவதால் முழு வேகம் எடுக்க முடியாது. ஆகவே ஐந்து சுற்று விரைவாக ஓடுவான், நிற்பான், நின்ற இடத்திலேயே முழங்கால் மார்பளவு உயர ஒரு நிமிடம் ஓடுவான், மூச்சு அடங்குமுன் மறுபடியும் ஐந்து சுற்று. வாப்பாவின் வள்ளத்துக் கயிற்றில் ஒரு துண்டு கயிறு தாண்ட உதவியது. வயது நாற்பதைக் கடந்து, நீரிழிவும் உடைய நாம் அதனைப் பின்பற்றத் துணியவில்லை. நமது தேவையும் வேறு. நமக்கு வேண்டியது நாடோறும் வியர்ப்பது. அவனுக்கு வேண்டியது ஒரு போட்டியில் ஐந்து செக்கனைக் குறைப்பது. இரண்டையும் ஒரே ஓட்டம் என்று எண்ணி மூத்தவர் இளையவருடன் போட்டியிடுவது ஆபத்து என்பதை வீட்டிலிருக்கும் தந்தையர் கவனிப்பார்களாக.

தவறுகளும் நிகழ்ந்தன. ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி ஓடியதால் மூன்றாம் வாரத்திலே அவனுடைய இடது முன்னங்காலெலும்பில் நோவு கண்டது. வளைவிலே உட்பக்கக் காலுக்கும் வெளிப்பக்கக் காலுக்கும் ஒரே வேலை அன்று. திருப்பம் எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவுக்கு அந்த வேறுபாடு கூடும். நாலு நாள் ஓய்வெடுத்தான். அதன்பின் பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை எதிர்ப்பக்கமாக ஓடுவதென்றும், மூலைகளைக் கூராக வெட்டாமல் அகல வளைவதென்றும் இருவரும் உடன்பாடு செய்துகொண்டோம். நமக்கு நேர்ந்தது அத்துணை மேன்மையான விபத்தன்று. எதிர்ப்பக்கமாக ஓடிய முதல் நாளே துணி உலர்த்தும் கொடிக் கயிற்றை மறந்து, கழுத்திலே மாட்டி, உலர்ந்த சேலையோடு மண்ணில் விழுந்தோம். சேலை மறுபடியும் தோய்க்கப்பட்டது, தோய்த்தவர் நாமே.

ஏப்பிரல் கடைசியில் நோன்பு மாதம் பிறந்தது. பள்ளிவாசல்களிலே கூடித் தொழ முடியாத அந்த ஆண்டின் நோன்பை இவ்வூர் மறக்காது. பகல் முழுவதும் தண்ணீருமின்றி இருப்பவன், அதுவும் இந்தக் கடற்கரையின் வெயிற்காலத்தில், காலையில் ஓடினால் அன்று முழுவதும் தாகத்தோடு போராட வேண்டும். ஆகவே நோன்பு திறப்பதற்கு அரை மணி முன்பு மெதுவாகச் சில சுற்று. கடுமையான பகுதியை இரவுத் தொழுகையின் பின் விளக்கு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டான். நாமும் நமது நேரத்தை மாலைக்கு மாற்றினோம். ஒருவன் பட்டினியாக ஓடும்போது பக்கத்தில் ஒருவன் வயிறு நிறைய உண்டு திண்ணையில் இருப்பது நன்றாகத் தோன்றவில்லை. ஓட்டம் முடியும் நேரத்தில் அவனுடைய உம்மா நோன்புக் கஞ்சியை மூடிய பாத்திரத்தில் இட்டு வேலிக் கம்பத்தில் தொங்கவிட்டுப் போவார். மறுநாள் அதே பாத்திரம் நமது மாம்பழங்களோடு அதே கம்பத்துக்குத் திரும்பும். ஒருவர் முகத்தை ஒருவர் அருகிற் காணாமலே அந்த மாதத்தில் இரு குடும்பத்துக்கும் உண்டான நெருக்கம், அதற்கு முந்திய மூன்றாண்டில் உண்டானதிலும் பெரிது.

பெருநாள் முடிந்து இரண்டொரு நாளில் நாடு திறக்கத் தொடங்கியது. இரவு ஊரடங்கும் ஜூன் மாத இறுதியோடு நீங்கிற்று. கடற்கரைக்கு ஓடிய முதற் காலையில் பையனும் உடன் வந்தான். வீதியிலே நேராக ஓட நமக்கு மறந்துபோயிருந்தது. ஒவ்வொரு ஐம்பதாவது மீற்றரிலும் காலானது திரும்ப இடம் தேடியது. ஈரமணலில் இறங்கியதும் அவன் நம்மைப் பார்த்து ஒருமுறை சிரித்தான்; பிறகு அவன் முதுகைத்தான் கண்டோம். திரும்பி வந்தபோது அவன் மணிக்கூட்டைக் காட்டினான். மார்ச் மாதத்தில் இருந்ததிலும் நேரம் கூடியிருந்தது. ஆனாற் கூடியது சிறிதே. இரண்டு மாதம் முற்றாக இருந்திருந்தால் அது எவ்வளவாகியிருக்கும் என்று நாம் கணக்குக் காட்டவில்லை. அவனே வகுத்துப் பார்த்திருப்பான்.

அவன் காத்திருந்த போட்டி அவ்வாண்டு நடைபெறவேயில்லை. அந்தச் செய்தி வந்த அன்று மாலை வேலிக்கு அப்பால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. ஆறுதல் கூறப் போகலாமா என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த மூன்றாம் நாள் அந்திவேளையில் மறுபடியும் கேட்டது. எதற்காக ஓடுகிறாய் என்று கேட்க நமக்கு வாய் வரவில்லை. சிறிது நேரம் கழித்து நாமும் சப்பாத்தை மாட்டினோம்.

நூறு சுற்று வீதம் பல வாரம் மிதித்ததில் வீட்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் புல் முளையாத வட்டம் ஒன்று பள்ளமாக விழுந்துவிட்டது. 2020 டிசெம்பர் 2ஆந் திகதி இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியபோது பெய்த மழையில் அந்த வட்டம் வாய்க்காலாகி, விடிந்து பார்த்தால் வீடு அகழி சூழ்ந்த கோட்டை போல் நின்றது. அதனை மண் போட்டு மூட வேண்டுமென்று இல்லாள் கூறினார். மூடுவதற்குள் 2021 மே மாதம் 21ஆந் திகதி மறுபடியும் நாடெங்கும் பயணக் கட்டுப்பாடு வந்தது. ஒரு மாதம் நீடித்தது. ஓகஸ்ட் 20ஆந் திகதி முதல் ஒக்டோபர் பிறக்கும் வரை மீண்டும் ஊரடங்கு. இம்முறை ஒன்பது நாள் வீணாகவில்லை. சிரட்டைகள் கிணற்றுக் கட்டிலேயே இருந்தன; புளியங்கொட்டை மட்டும் இரண்டு குறைந்திருந்தது, வீட்டுப் பிள்ளைகள் விளையாட எடுத்திருப்பார்கள்.

பையன் இப்போது தொழில் நிமித்தம் வெளியூரில் இருக்கிறான். விடுமுறைக்கு வந்தால் விடியற்காலையில் வந்து படலையைத் தட்டுவான். வட்டம் இன்னும் மூடப்படவில்லை. அவனுடைய தம்பி அதிலேதான் சைக்கிள் ஓட்டப் பழகினான்.